வேலி ஓட்டைக்கு நான் எழுதிய சீட்டு

எனக்குச் சர்க்கரை வந்ததில் என் வீட்டுக்காரருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "இனிமே நீ கோவப்படக் கூடாது, டாக்டரே சொல்லிட்டாரு" என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். "நாள் முழுக்க நின்னுதான சார் வேலை பாக்கேன்" என்றேன். "நிக்கிறது நடக்கிறது ஆகாதும்மா" என்று அடுத்த சீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஓசூரில் ஒரே கம்பெனியில் நின்ற கால்களுக்கு இதுதான் மரியாதை.

கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்தேன். இப்போது லைன் லீடர். பன்னிரண்டு பெண்கள் என் லைனில். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. குறையைக் கண்டவர் கண்டும் காணாமல் போகக் கூடாது. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தாலும் சரி, ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் சரி, மஞ்சள் சீட்டில் எழுதி வாசல் பெட்டியில் போட வேண்டும். ஆளுக்கு மாதம் ஐந்து சீட்டு கட்டாயம். நான் பதினைந்து போடுவேன். நாலு முறை டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். கேன்டீன் வாசலில் என் போட்டோ மாட்டியிருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் காலில் ஆணி நீட்டிக்கொண்டிருப்பதுதான் என் கண்ணில் படும். மூஞ்சியைப் பார்த்து நல்லா இருக்கீங்களா என்று கேட்பதற்கு முன்னால் ஆணியைச் சொல்லிவிடுவேன்.

என் லைனில் எனக்கு நேர் எதிரில் நின்றவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். முப்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு டேப் சுற்றச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பாதிமேல் பாதி ஏறி வர வேண்டும், முடிக்கும்போது கையால் கிழித்து முனையைப் பெருவிரலால் இரண்டு முறை அழுத்த வேண்டும். மற்ற லைனில் எல்லாம் ஒரு முறைதான் அழுத்துவார்கள். என் லைனில் இரண்டு. மூன்றே நாளில் என்னைவிட நன்றாகச் சுற்றினாள். அவள் அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் தலைமுறையாக அடுத்தவர் தக்காளித் தோட்டத்தில் கூலி. "எங்க வூட்ல நின்னுகினு வேலை பாக்குற மொத ஆளு நான்தாங்கா" என்று முதல் மாதச் சம்பளத்தன்று சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவள் ஊர், ஓசூருக்கு வெளியே இருக்கிற பாறைக் கரட்டுக்கு அந்தப் பக்கம். கம்பெனி பஸ் நிற்பது இந்தப் பக்கம், விடிகாலை ஐந்து பத்துக்கு. கரட்டு வழியாக ஏறி இறங்கினால் இருபத்தைந்து நிமிஷம். ரோட்டில் சுற்றினால் ஒன்பது கிலோமீட்டர், அந்த நேரத்தில் ஒரு பஸ்ஸும் கிடையாது. ஒப்பந்தப் பெண்களுக்கு முதல் ஷிப்டு மட்டும்தான். மாதத்தில் மூன்று நாள் லேட் என்றால் நாலாம் நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று ஒரு சார்ட் லைன் ஓரத்தில் தொங்கும். புள்ளி வைப்பது என் வேலை. நாலு வருஷத்தில் அவள் பேருக்கு நேரே நான் சிவப்பு வைத்தது இரண்டே முறை.

போன வருஷம் அந்தக் கரட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, நகர்ப்புற இயற்கைக் காப்பகம் என்று வளைவு கட்டினார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அனுமதி. முன்பக்கம் வளைவுக்குக் குறுக்கே ஒரு கட்டை மட்டும்தான், குனிந்தால் தாண்டிவிடலாம்; பின்பக்கம் வாசலே இல்லை. "இனிமே நீ எப்படிடி வருவ?" என்று கேட்டேன். "சித்தப்பா பைக்ல இட்டாந்து விடறாருக்கா" என்றாள். நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருந்தது? ஒருநாள் யூனிபாரச் சட்டை முழங்கையில் கிழிந்து வந்தாள். என்னடி இது, ஆடிட் வருகிற நேரத்தில் என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அதன் பிறகு கிழியவில்லை.

இனி என் நடைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் காப்பகத்துக்கே போகலாம் என்று முடிவு செய்தோம். நடக்கிற செருப்பு என்று என்னிடம் எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த சேப்டி ஷூவை மாட்டிக்கொண்டேன், சேலைக்குக் கீழே. வீட்டுக்காரர் ரப்பர் செருப்பு, தோளில் துண்டு, பையில் முறுக்கு. "மலை ஏறப் போறோமா, மச்சினன் வீட்டுக்குப் போறோமா?" என்று கேட்டேன். "ஏறி முடிச்சதும் பசிக்கும்ல" என்றார்.

வாசலிலேயே எனக்குப் பற்றிக்கொண்டது. நடப்பதற்கு டிக்கெட். கரட்டில் ஏற, காற்றில் மூச்சு விட, டிக்கெட். சரி, ஒழியட்டும் என்று வாங்கினோம். காவலர் பையைத் திறந்து பார்த்து எங்கள் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தார். "பிளாஸ்டிக் உள்ள விட மாட்டோம் மேடம்." பத்தடி தள்ளி உள்ளே ஒரு கடை. அங்கே என்ன விற்கிறார்கள்? தண்ணீர். எதில்? பிளாஸ்டிக் பாட்டிலில். "இது என்ன வெள்ளியில செஞ்சதாப்பா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது டெண்டர் மேடம்" என்றார். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார்.

உள்ளே போனால் பாதை முழுக்கச் சிமென்ட் கல் பதித்திருக்கிறார்கள். குப்பைத்தொட்டி பென்குயின் உருவத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஓசூர்க் கரட்டில் பென்குயினுக்கு என்ன ஜோலி? இன்னும் பத்தடி போனால் குயில் கூவுகிறது. ஆஹா என்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன். புங்க மரத்தில் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தது. குயில் நாலு முறை கூவி, ஒரு மயில் அகவி, திரும்பவும் அதே குயில். நிஜக் குருவிகள் இரண்டு அந்த ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்திருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது. "நீ காட்டுக்கு வந்தியா, ஆடிட்டுக்கு வந்தியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

சிமென்ட் கல் முடிகிற இடத்தில் ஒரு பலகை: சுலபமான பாதை, மூன்று கிலோமீட்டர். எழுதியவர் ஏறிப் பார்த்திருக்க மாட்டார் என்று சத்தியம் செய்வேன். இருநூறு அடி போவதற்குள் பாறை செங்குத்தாக நிமிர்ந்துவிட்டது. சேப்டி ஷூ ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனம். உண்ணிச்செடி முள் சேலையை இழுக்கிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த நாலு பிள்ளைகள் கையில் ஆளுக்கு இரண்டு குச்சியோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். "கம் ஆன் ஆன்ட்டி, யூ கேன் டூ இட்" என்று ஒருத்தி சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. அந்த வயதில் என்னை யாரும் குச்சி கொடுத்து மலைக்கு அனுப்பவில்லை, லைனில் நிற்க வைத்தார்கள்.

மூன்று இடத்தில் உட்கார்ந்து ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அங்கே என் கண்ணில் ஒரு குறையும் படவில்லை. காற்று வந்து வேர்வையைத் துடைத்தது. ஒரு பக்கம் எங்கள் கம்பெனிக் கூரை, வரிசை வரிசையாக மற்ற கம்பெனிகள், பாலத்தில் லாரிகள். மறுபக்கம் ஏரி, தக்காளித் தோட்டங்கள், ராயக்கோட்டைப் பக்கம் நீலமாக மலைகள். அடிவாரத்தில் முப்பது நாற்பது வீடுகள். "அதோ அதுதான் எங்க லைன் பொண்ணு ஊரு" என்று கைகாட்டினேன். கல்லை விட்டெறிந்தால் போய் விழும் போல அவ்வளவு பக்கத்தில் இருந்தது. "அப்ப வேலி போடறதுக்கு முன்னாடி இதுலதான் ஏறி வந்திருக்கும்" என்றார். "தினமுமா" என்று நினைத்துப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது. முறுக்கைத் தின்றோம். அவர் சொன்னது சரிதான், பசித்தது.

இறங்குகிற பாதை பின்பக்க வேலியை ஒட்டியே போகிறது. அங்கேதான் அதைப் பார்த்தேன். கம்பி வலையில் தரையோடு ஒரு ஓட்டை. இரண்டடி அகலம், குனிந்தால் ஒரு ஆள் போகலாம். அறுத்த கம்பி முனைகளை உள்பக்கமாக மடக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சுத்தமான வேலை. ஒரு இடத்தில்கூட டேப் முனை எழும்பவில்லை. எவனோ நல்ல எலக்ட்ரீசியன் போல என்று மனசுக்குள் நினைத்தேன். கேட்டுக்கொள்ளுங்கள், நினைத்தது இதுதான்.

"யாரோ போய் வாராக போல, விட்டுரு" என்றார் வீட்டுக்காரர்.

"விட்டுர்றதா? நாய் வரும், பாம்பு வரும்."

"பாம்புக்கு ஓட்டை போட்டுத்தான் குடுக்கணுமாக்கும்."

நான் கேட்கவில்லை. சாணால் அளந்தேன். கம்பங்களை எண்ணினேன். போனில் போட்டோ எடுத்தேன். வாசலுக்கு வந்ததும் ஆலோசனைப் புத்தகம் எங்கே என்று காவலரைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார். அது அடுத்த கோபம். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி ஆறு குறை எழுதினேன். பிளாஸ்டிக் பாட்டில், பென்குயின், ஸ்பீக்கர் குயில், பூட்டிய கழிப்பறை, சுலபமான பாதை. ஆறாவதாக: பின்பக்க வேலியில், ஏரிப்பக்க மூலையிலிருந்து ஏழாவது கம்பத்துக்கும் எட்டாவது கம்பத்துக்கும் நடுவில் ஓட்டை, உடனே அடைக்கவும். கீழே என் பேர், போன் நம்பர், கையெழுத்து. "இப்படித் தெளிவா யாரும் எழுதித் தர்றதில்ல மேடம்" என்றார் காவலர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் லைன் முழுக்க என் கதைதான். பென்குயினைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வேலி ஓட்டையைச் சொன்னேன்.

"எந்த எடத்துலக்கா?" என்று கேட்டாள்.

"ஏரிப் பக்கம். எழுதிக் குடுத்துட்டேன்ல, அடைச்சிருவாக."

"ஓ" என்றாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு இடத்துக்குப் போய்விட்டாள். டீ ஆறிப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. உங்கள் புகார் மீது நடவடிக்கை எடுத்தாயிற்று, நன்றி. வெள்ளிக்கிழமை அவள் நாற்பது நிமிஷம் லேட். "என்னடி, சித்தப்பா பைக் பஞ்சரா?" என்று கேட்டுக்கொண்டே சிவப்பு வைத்தேன். ஆமாக்கா என்றாள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் லேட், புடவை ஓரமெல்லாம் ரோட்டுப் புழுதி. இரண்டாவது சிவப்பு. திங்கட்கிழமை அரை நாள் கழித்து வந்தாள். வாசலிலேயே ஒப்பந்தக்காரரின் ஆள் நிறுத்திவிட்டான். மூன்றாவது புள்ளியை நான்தான் வைத்தேன். சட்டம் சட்டம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாற்றாள் கிடைக்காததால் அவள் இடத்தில் நானே நின்றேன். கறுப்பு டேப்பை எடுத்தேன். பாதிமேல் பாதி ஏற்றிச் சுற்றி, கிழித்து, முனையைப் பெருவிரலால் ஒரு அழுத்து, இன்னொரு அழுத்து. இரண்டாவது அழுத்தில் என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வேலிக் கம்பி கண் முன்னால் வந்தது, டேப் முனையில் இரண்டு பெருவிரல் தடத்தோடு. எலக்ட்ரீசியனாம், எலக்ட்ரீசியன். ஊர் உலகத்தில் குறை கண்டுபிடிக்கிற எனக்கு, நான் சொல்லிக் கொடுத்த கைவேலையை அடையாளம் தெரியவில்லை. சட்டை கிழிந்ததற்கு நான் திட்டினேனே, அதற்குத்தான் அவள் அந்த முனைகளுக்கு டேப் சுற்றியிருக்கிறாள். லைன் நின்றது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று ஷிப்டு முடிந்ததும் நேரே காப்பக வாசலுக்குப் போனேன். யூனிபாரத்தோடேயே போனேன். அறிவிப்புப் பலகையில் என் தாளை ஒட்டியிருந்தார்கள், ஆறாவது குறைக்கு எதிரே பச்சை மையில் டிக். மற்ற ஐந்துக்கும் ஒன்றுமில்லை. உள்ளே குயில் கூவிக்கொண்டிருந்தது.

"அந்த ஓட்டையத் தொறந்து விடுங்க" என்றேன்.

"நீங்கதான மேடம் அடைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தீங்க?"

"இப்ப தொறக்கச் சொல்லி எழுதித் தாரேன். இல்லன்னா அங்கன ஒரு சின்னக் கதவு வைங்க. காலையில நாலரை மணிக்குத் தொறந்தாப் போதும். வேலைக்குப் போற பிள்ளைக இருக்கு."

"கதவுன்னா மேலிடத்துல உத்தரவு வாங்கணும் மேடம். நம்ம கையில இல்ல."

அடைப்பதற்கு எந்த மேலிடத்தையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு லைன் லீடர் வெள்ளைத்தாளில் கிறுக்கினால் போதும், நாலே நாளில் ஆள் வந்து அடைத்துவிடுவான். ஒரு ஆள் நுழைகிற கதவுக்கு மட்டும் மேலிடம். நான் கத்தினேன். உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் பாவம், அவர் என்ன செய்வார், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறமும் வாரம் ஒன்று எழுதிக் கொடுக்கிறேன். இன்றைக்கு வரை ஒரு போன் வரவில்லை. ஒப்பந்தக்காரரிடம் போனேன், சார்ட்டைக் காட்டினார். புள்ளி எல்லாம் என் கையால் வைத்தவை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ரோட்டைச் சுற்றி அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறாள் என்றார்கள். கரட்டு அடிவாரத்திலேயே தோட்டம். தக்காளி பறித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். பின்னால் வேலி தெரிந்தது, புதுக்கம்பி போட்ட இடம் மட்டும் வெயிலில் மின்னியது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? சித்தப்பா பைக்னு ஏன்டி பொய் சொன்ன?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது இதுதான்.

"சொன்னா நீங்க எழுதிப் போட்டுருவீங்கன்னுதாங்கா" என்றாள். "உங்களால கண்டுகினு சும்மா இருக்க முடியாது. எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு டீ குடிக்கையிலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா சொல்லிகினு இருந்தீங்க. அத்தினி பேரு முன்னால இன்னான்னு சொல்றது?"

அவள் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நான் பிழைத்துக்கொண்டிருப்பேன். கதவுக்கு எழுதிக் கொடுத்திருப்பதைச் சொன்னேன், ஒப்பந்தக்காரரிடம் திரும்பவும் பேசுவதாகச் சொன்னேன். சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொண்டாள். வரப்பிலிருந்து தோட்டத்துச் சொந்தக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு பாக்கறாருக்கா. பஸ்ஸு நாலு மணிக்குத்தான், வூட்டாண்ட போயி உக்காருங்க, தண்ணி குடுப்பாங்க" என்றாள். அவள் வீட்டில் நின்றுகொண்டு வேலை பார்த்த முதல் ஆள், கூடையை இழுத்துக்கொண்டு அடுத்த செடிக்குக் குனிந்தாள்.